சிறிய ஆய்வகத்துக்கு எந்த ஆர்க்கியா?

ஈ.கோலையும் ஈஸ்ட்டும் மட்டுமே வளர்த்துப் பழகிய ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் துறை, பாக்டீரியாவைப் போலத் தோன்றினாலும் தனிக் கிளையைச் சேர்ந்த நுண்ணுயிரிகளான ஆர்க்கியாவின் ஆய்வில் இறங்க முடிவெடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவர், முதுகலை மாணவர்கள் சிலர், ஓர் ஆட்டோகிளேவ், ஒரு ஷேக்கர், ஒரு பிசிஆர் கருவி. நிதி சிறியது, அடுத்த தவணை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. எந்த உயிரியை வரவழைப்பது?

விடை தேடிப் புகழ்பெற்ற இதழ்களைப் புரட்டுபவர்கள் பெரும்பாலும் தங்களுக்குப் பொருந்தாத இனத்தில்தான் போய் விழுகிறார்கள். ஓர் உயிரி என்ன தரும் என்பதைக் கட்டுரைகள் விரிவாகச் சொல்லும். அது நாள்தோறும் என்ன கேட்கும் என்பது செய்முறைப் பகுதியில் இரண்டே வரிகளில் ஒளிந்திருக்கும். அது கேட்பதை நம்மால் கொடுக்க முடியுமா என்று முதலில் பார்க்க வேண்டும். அடுத்து, அது தருவதை வளர்க்காமலேயே வாங்கிவிட முடியுமா என்று பார்க்க வேண்டும். இரண்டாவது கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. என்னைக் கேட்டால் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

களத்தில் நிற்பவை ஐந்து. உப்பு விரும்பிகளான ஹேலோஃபெராக்ஸ் வோல்கானி, ஹேலோபாக்டீரியம் சலினாரம். சூடான அமிலத்தில் வாழும் சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ். மீத்தேன் உண்டாக்கும் மெத்தனோகாக்கஸ் மாரிபலூடிஸ். கொதிநிலைக்கு அருகே வாழும் தெர்மோகாக்கஸ் கோடகரென்சிஸ். இந்த ஐந்தின் மரபணுத்தொகுதிகளும் முழுமையாக வாசிக்கப்பட்டுவிட்டன. ஐந்திலும் மரபணுவை நீக்கவும் சேர்க்கவும் தெரிந்த வழிகள் உண்டு. அது இல்லாத இனத்தை முதல் இனமாக எடுப்பது, அடித்தளம் போடாமல் மாடி கட்டுவதற்குச் சமம்.

எதை எடுத்தாலும் மாறாதவை

1977-ல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் ரைபோசோம் ஆர்என்ஏவை ஒப்பிட்டு, மீத்தேன் உண்டாக்கும் நுண்ணுயிரிகள் பாக்டீரியாக்களே அல்ல, தனிக் கிளை என்று அறிவித்தார்கள். பாடப்புத்தகத்தில் ஒரு பத்தியில் முடிந்துபோகும் இந்தச் செய்தி, ஆய்வக மேசையில் வேறு வடிவில் வந்து நிற்கும். ஈ.கோலைக்காக வாங்கி வைத்த பொருட்களில் பாதி பயன்படாது.

புதிய மரபணு ஏறிய செல்களை மட்டும் பிரித்தெடுக்க ஈ.கோலையில் பயன்படும் ஆம்பிசிலினை எடுத்துக்கொள்ளுங்கள். அது தாக்குவது பெப்டிடோகிளைக்கன் சுவரை உருவாக்கும் நொதிகளை. ஆர்க்கியாவில் அந்தச் சுவர் கிடையாது. பெரும்பாலான ஆர்க்கியாக்கள் எஸ்-அடுக்கு எனப்படும் புரதப் போர்வையைத்தான் அணிந்திருக்கின்றன. எனவே ஆம்பிசிலின் ஊற்றினாலும் அவை பாட்டுக்கு வளரும். கானமைசின் கதையும் பெரும்பாலும் இதுவே. அது பாக்டீரியா ரைபோசோமுக்கு என்று அமைந்த மருந்து.

அவற்றின் சவ்வும் வேறு. பாக்டீரியாவிலும் நம் செல்களிலும் கொழுப்பு அமிலங்கள் எஸ்டர் பிணைப்பால் கிளிசராலோடு சேர்ந்திருக்கின்றன. ஆர்க்கியாவில் கிளைத்த ஐசோபிரினாய்டு சங்கிலிகள் ஈதர் பிணைப்பால் சேர்ந்திருக்கின்றன. கிளிசராலின் கைப்பக்கமும் (இடக்கை, வலக்கை போன்ற கண்ணாடிப் பிம்ப அமைப்பு) எதிரானது. ஈதர் பிணைப்பு வெப்பத்தையும் அமிலத்தையும் எளிதில் தாங்கும். இங்கே நமக்கு ஓர் ஆதாயம் இருக்கிறது. ஐசோபிரினாய்டுகளை உண்டாக்க ஆர்க்கியா பயன்படுத்தும் முக்கிய நொதி, மனிதக் கல்லீரலில் கொலஸ்டிரால் உண்டாக்கும் நொதியின் உறவினர். ஆகவே கொலஸ்டிராலைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் உப்பு விரும்பி ஆர்க்கியாக்களைக் கொல்லும்; ஆம்பிசிலின் செய்யாத வேலையை இதைக் கொண்டு செய்யலாம். ஆர்க்கியா ஆய்வகங்களில் மெவினோலின் என்று பெயர் சொல்லிக் கேட்பார்கள்; இரண்டும் ஒரே பொருள்தான்.

மூன்றாவது, மரபணுவைப் படிக்கும் எந்திரம். ஆர்க்கியாவின் ஆர்என்ஏ பாலிமரேஸ் நம் செல்களின் இரண்டாம் வகைப் பாலிமரேஸைப் போன்றது; டிபிபி போன்ற துணைப் புரதங்கள் இல்லாமல் அது வேலையைத் தொடங்காது. ஈ.கோலைக்கு எழுதப்பட்ட லாக் முன்னியக்கி (மரபணுவைப் படிக்கத் தொடங்கவைக்கும் டிஎன்ஏ வரிசை) இங்கே செல்லாது. மரபணுவைச் சுமந்து செல்லும் வளைய டிஎன்ஏவான பிளாஸ்மிடை அந்தந்த ஆர்க்கியாவின் முன்னியக்கியோடு கட்ட வேண்டும்.

ஒரு நிம்மதியும் உண்டு. மனிதருக்கு நோய் உண்டாக்குவதாக உறுதியாக நிறுவப்பட்ட ஆர்க்கியா இதுவரை ஒன்றுகூட இல்லை.

உப்பு: ஹேலோஃபெராக்ஸ் வோல்கானி

சாக்கடலில் உயிர் இருக்கிறது என்று 1930-களில் காட்டியவர் பெஞ்சமின் வோல்கானி. அங்கிருந்த சேற்றில் கிடைத்த இந்த உயிரிக்கு அவர் பெயரே வைக்கப்பட்டது. அது கேட்பவை: லிட்டருக்கு சுமார் 144 கிராம் சோடியம் குளோரைடு, கொஞ்சம் மெக்னீசியம் உப்புகள், சிறிதளவு பொட்டாசியம், ஈஸ்ட் சாறு, பெப்டோன், 45 டிகிரி செல்சியஸ், காற்று. அவ்வளவுதான். எந்தச் சாதாரண ஷேக்கரும் 45 டிகிரியைத் தரும். செல்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

இந்த உப்பில் ஈ.கோலையோ காற்றில் மிதந்து வரும் பூஞ்சையோ தலையெடுக்க முடியாது. வடிகட்டிய தூய காற்று வீசும் லேமினார் அறை இல்லாத ஆய்வகத்துக்கு இது பெரிய கொடை. தூய்மையில் கொஞ்சம் அசட்டையான மாணவரையும் இந்த உயிரி பொறுத்துக்கொள்ளும்.

அது பொறுக்காதது வெறும் தண்ணீரை. உப்புச் செறிவு ஏறக்குறைய ஒரு மோலாருக்குக் கீழே இறங்கினால் செல் சுவர் குலையத் தொடங்கும், செல்கள் கரையும். ஈ.கோலையில் பழகிய கை, செல்களை மையவிலக்கில் இறக்கிய பிறகு அனிச்சையாக பிபிஎஸ் என்ற உப்பு குறைந்த கரைசலை ஊற்றிக் கழுவும். குழாயில் மிஞ்சுவது வழவழப்பான டிஎன்ஏ கஞ்சி. நுண்ணோக்கியில் பார்க்கச் செய்யும் கிராம் சாயமேற்றலிலும் இதே சிக்கல் உண்டு. அதனால் அசிட்டிக் அமிலத்தால் செல்களை முதலில் நிலைப்படுத்திய பிறகுதான் நீர் படவிட வேண்டும். இதே குணத்தை ஆதாயமாகவும் மாற்றலாம். டிஎன்ஏ எடுக்க விலையுயர்ந்த கிட் தேவையில்லை, தண்ணீரே போதும்.

ஏன் இந்த உயிரியை நான் முதலில் வைக்கிறேன் என்பதற்கு வளர்ப்பதன் எளிமை பாதிக் காரணம்தான். மீதிக் காரணம் அதன் புரதங்கள். வெளியே உள்ள உப்பை எதிர்கொள்ள, இந்தச் செல் தன் உள்ளேயும் பொட்டாசியம் குளோரைடை மோலார் கணக்கில் சேர்த்து வைக்கிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு புரதமும் அந்த உப்பில் கரைந்து, மடிந்து, வேலை செய்தாக வேண்டும். அதனால் புரதங்களின் மேற்பரப்பு முழுவதும் அமிலத்தன்மை கொண்ட அமினோ அமிலங்கள் நெருக்கமாக அமைந்திருக்கின்றன. அப்படிப்பட்ட புரதத்தை ஈ.கோலையில் உற்பத்தி செய்தால் பெரும்பாலும் சரியாக மடியாது, திரண்டு வீழ்படிவாகும். உப்பில் இயங்கும் நொதியை வேண்டிய அளவில் செயலோடு பெற வேண்டுமானால், உப்பில் வாழும் செல்லிலேயே உற்பத்தி செய்வதுதான் நேர்வழி. நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் தார்ஸ்டன் அல்லர்ஸ் குழு 2010-ல் இதற்கென்றே திருத்திய இனங்களை உருவாக்கியது. உப்பு மிகுந்த கரைசலில் நீர் செல்லுக்கு அரிதாகவே கிடைக்கும். கரிமக் கரைப்பான் கலந்த சூழலும் ஏறக்குறைய அப்படித்தான். அதனால் இந்நொதிகளில் பல கரைப்பான்களையும் தாங்குகின்றன; வேதித்தொழிலுக்கு இவற்றின் மீது ஆர்வம் வருவது இதனால்தான்.

மரபணுக் கருவிகளில் பைஆர்ஈ2 என்ற மரபணுவைச் சுற்றிய முறைதான் அன்றாடப் பழக்கம். அந்த மரபணு நீக்கப்பட்ட எச்26 இனத்தை யுராசில் இல்லாத ஊடகத்தில் வளர்த்துப் பிளாஸ்மிடை உள்ளே ஏற்றுவார்கள். பிறகு 5-எஃப்ஓஏ என்ற நச்சுப் பொருளைக் கொண்டு, பிளாஸ்மிடை வெளியேற்றிய செல்களை மட்டும் பிழைக்க வைப்பார்கள். டிஎன்ஏவைச் செல்லுக்குள் செலுத்த பாலிஎத்திலின் கிளைக்கால் போதும். மின்துளைப்புக் கருவிகூட வேண்டாம்.

இரண்டு கண்ணிகள் இருக்கின்றன. ஈ.கோலை தன் டிஎன்ஏவில் ஜிஏடிசி என்ற வரிசையில் மீத்தைல் குறி வைக்கும். வோல்கானி அதைப் பகை டிஎன்ஏ என்று கருதி வெட்டும். எனவே குறி வைக்காத டாம் குறைபாடுள்ள ஈ.கோலை வழியாகப் பிளாஸ்மிடை எடுக்க வேண்டும், அல்லது வெட்டும் நொதி நீக்கப்பட்ட இனத்தைப் பயன்படுத்த வேண்டும். மற்றது, ஒரு செல்லில் குரோமோசோம் ஒன்றல்ல, ஏறக்குறைய இருபது பிரதிகள் இருக்கும். நீக்கிவிட்டோம் என்று நினைத்த மரபணு ஏதோ ஒரு பிரதியில் ஒட்டிக்கொண்டிருக்கும். எல்லாப் பிரதியிலும் போய்விட்டதா என்று சோதிக்காமல் கட்டுரை எழுதியவர்கள் இந்தத் துறையில் இல்லாமல் இல்லை.

இந்தப் பல பிரதி வாழ்க்கை வினோதங்களுக்கும் இடம் கொடுக்கிறது. டிஎன்ஏ நகலெடுப்பு தொடங்கும் இடங்களை எல்லாம் குரோமோசோமிலிருந்து நீக்கினால் எந்த உயிரியும் சாக வேண்டும். வோல்கானி சாகவில்லை, முன்பைவிட வேகமாக வளர்ந்தது. 2013-ல் வெளிவந்த இந்த முடிவு ஒரு பெரிய ஆய்வகத்தின் பெரும் கருவிகளை நம்பி வந்ததல்ல. மரபணு நீக்கமும் நல்ல கேள்வியும்தான் அதன் மூலதனம்.

இதன் நெருங்கிய உறவான ஹேலோஃபெராக்ஸ் மெடிடெர்ரேனியையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஸ்பெயினின் அலிகாண்டே அருகே சான்டா போலா உப்பளத்தில் கிடைத்தது அது. முனைவர் பட்ட மாணவராக அதன் டிஎன்ஏவைப் படித்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ்கோ மோஹிகா, சீரான இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும் வரிசைகளைக் கண்டு 1993-ல் வெளியிட்டார். பின்னாளில் மரபணுத் திருத்தத்தால் புகழ்பெற்ற கிரிஸ்பர் என்று உலகம் அறிந்தது அந்த வரிசைகளைத்தான். அதே உயிரி மாவுச்சத்தையும் குளுக்கோஸையும் தின்று, பிஎச்பிவி என்ற மக்கும் பிளாஸ்டிக்கைச் செல்லுக்குள் மணிமணியாகச் சேர்க்கிறது. மற்ற நுண்ணுயிரிகளுக்கு இந்தக் கலவைப் பிளாஸ்டிக்கை உண்டாக்கப் புரோப்பியோனேட் போன்ற மூலப்பொருளைத் தனியே ஊட்ட வேண்டும், இதற்கு வேண்டாம். அறுவடைக்கும் நன்னீர் ஊற்றினால் செல் வெடித்து மணிகள் வெளியே வந்துவிடும்.

கேட்க இனிக்கும் இந்தக் கதையின் மறுபக்கம் உப்புக் கழிவு. ஒவ்வொரு தொட்டிக்கும் அதே அளவு உப்புநீர் வெளியேறும். தோல் பதனிடும் தொழிலின் உப்பு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது பாலாற்றங்கரையில் வாழ்பவர்களுக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உப்பை மீட்டுத் திரும்பப் பயன்படுத்தும் திட்டம் இல்லாத பிஎச்பிவி முன்மொழிவை நான் ஏற்க மாட்டேன். மேசை அளவிலும் உப்பு வேலையைக் காட்டும்: ஷேக்கரில் சிந்திய துளி காய்ந்து உலோகத்தை அரிக்கும், ஆட்டோகிளேவில் பொங்கி வழிந்தால் உள்சுவர் துருப்பிடிக்கும்.

ஹேலோபாக்டீரியம் சலினாரம் ஏன் இரண்டாவது?

புகழ் என்று பார்த்தால் இதுதான் மூத்தது. டீட்டர் ஓஸ்டர்ஹெல்ட்டும் வால்டர் ஸ்டோக்கேனியஸும் 1971-ல் இதன் ஊதா நிறச் சவ்வில் பாக்டீரியோரோடாப்சினைக் கண்டறிந்தார்கள். ஒளி பட்டால் புரோட்டானை வெளியே தள்ளும் புரதம். அதில் இருக்கும் ரெட்டினால் நம் கண்ணிலும் இருப்பது. 1974-ல் எஃப்ரைம் ராக்கரும் ஸ்டோக்கேனியஸும் இந்தப் புரதத்தையும் செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியை உண்டாக்கும் மாட்டு இதய நொதியையும் ஒரே கொழுப்புக் குமிழில் வைத்து, விளக்கைப் போட்டு ஏடிபி தயாரித்துக் காட்டினார்கள். புரோட்டான் சரிவுதான் ஏடிபியை உண்டாக்கும் விசை என்ற பீட்டர் மிட்செலின் கருத்துக்கு அது வலுவான சான்று. ரிச்சர்ட் ஹெண்டர்சன் இதே சவ்வை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வைத்துத் தொடங்கிய பயணம் 2017-ல் வேதியியல் நோபல் பரிசு வரை சென்றது.

வகுப்பறைக்கு இதைவிட நல்ல உயிரி இல்லை. செல்களை நீரில் கரைத்து, சர்க்கரை அடுக்கில் சுழற்றினால் ஊதாப் பட்டை கண்முன்னே பிரிந்து நிற்கும். வாயுக் குமிழ்களால் மிதக்கும் செல்களையும் காட்டலாம். ஆனால் ஆய்வுக்கு முதல் இனம் எனும்போது நான் தயங்குகிறேன். லிட்டருக்கு ஏறக்குறைய 250 கிராம் உப்பு கேட்கிறது. வோல்கானியைவிட மெதுவாக வளர்கிறது. மரபணுத்தொகுதிக்குள் தாவித்திரியும் வரிசைகள் ஏராளம். தட்டில் சில தலைமுறை மாற்றினாலே குமிழ் இழந்த, நிறம் மாறிய செல் கூட்டங்கள் (காலனிகள்) தோன்றும். நீங்கள் செய்த மாற்றத்தின் விளைவா, அது தானாகச் செய்துகொண்ட மாற்றத்தின் விளைவா என்று பிரிப்பதற்கே ஒரு மாணவரின் ஆண்டு போய்விடும்.

இதன் தொழில்நுட்பப் பயன்களில் பலவற்றுக்கு இந்த உயிரியை வளர்க்க வேண்டியதே இல்லை. நரம்புச் செல்களை ஒளியால் அடக்கும் ஆய்வுகளில் பயன்படும் ஹேலோரோடாப்சின், ஆர்க்கியரோடாப்சின் ஆகிய புரதங்கள் இதன் சுற்றத்தாரிடமிருந்து வந்தவை. ஆனால் அந்த ஆய்வகங்கள் மரபணுவை மட்டும் எடுத்துக்கொண்டன. உப்புத் தொட்டியை யாரும் வைத்திருக்கவில்லை.

உள்ளூர் உப்பளத்திலிருந்தே ஒன்றைப் பிடித்தால் என்ன என்ற யோசனையும் அடிக்கடி எழும். தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் மரக்காணத்திலும் உப்பு விளையும் கடைசிப் பாத்திகளின் செந்நிறத்துக்கு இந்தக் குடும்பமும் காரணம். கருவாட்டில் சில நேரம் படரும் சிவப்பும் இவற்றின் வேலையே. முதுகலைத் திட்டத்துக்கு இவற்றைத் தனிமைப்படுத்துவது நல்ல பயிற்சி. முனைவர் பட்டத்துக்கு அதுவே முழு வேலை என்றால் வேண்டாம். ரைபோசோம் வரிசை, அமிலேஸ் சுரப்பு, முடிவுரை என்ற அச்சில் வந்த கட்டுரைகள் ஏற்கெனவே குவிந்து கிடக்கின்றன.

அமிலம்: சல்ஃபோலோபஸ் அசிடோகால்டேரியஸ்

யெல்லோஸ்டோனின் கந்தக ஊற்றுகளிலிருந்து தாமஸ் பிராக் குழு 1972-ல் விவரித்த இனம். 75 டிகிரி, பிஎச் 3, காற்று. இங்கே வேறெந்த நுண்ணுயிரியும் நுழையாது என்பதில் உப்பையே மிஞ்சும். ஆனால் சாதாரண ஷேக்கர்கள் பெரும்பாலும் 60 டிகிரியோடு நின்றுவிடும். புதிய கருவி வாங்க வேண்டும். நீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். சூடான அமிலத்தில் அகார் சிதைந்துவிடும் என்பதால் தட்டுகளுக்கு ஜெல்லன் கோந்து தேவை. மரபணு ஏறிய செல்களைத் தேர்ந்தெடுக்கும் மருந்துகள் வெப்பத்தில் நிலைக்காது, ஆகவே யுராசில் வழி ஒன்றே கை கொடுக்கும். பிளாஸ்மிடைச் செலுத்தும் முன் அதற்குரிய மீத்தைல் குறி போடும் ஈ.கோலை இனம் ஒன்றையும் வைத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகும் இதைத் தேர்ந்தெடுக்க ஒரு நியாயம் உண்டு, அதை நான் மதிக்கிறேன். வோல்கானி பாக்டீரியாவைப் போல எஃப்டிஎஸ்இசட் புரதத்தால் பிரிகிறது. சல்ஃபோலோபஸோ, நம் செல்கள் பிரியும் கடைசிக் கட்டத்தில் சவ்வைத் துண்டிக்கும் எஸ்கார்ட் புரதங்களின் உறவினர்களைப் பயன்படுத்துகிறது. 2008-ல் இரு குழுக்கள் இதைக் காட்டின. 2020-ல், பிரிவைத் தூண்டுவது செல்லின் புரதம் சிதைக்கும் எந்திரமான புரோட்டியசோம் செய்யும் சிதைவு என்றும் தெரியவந்தது. சிக்கலான செல் எப்படித் தோன்றியது என்பதுதான் உங்கள் கேள்வி என்றால் உப்பு உங்களுக்கு உதவாது. அமிலத்துக்குத்தான் போக வேண்டும்.

தாமிரத் தாதுவிலிருந்து உலோகத்தைக் கரைக்கும் பயனைச் சொல்லி இந்தக் குடும்பத்தை விற்பவர்கள் உண்டு. கால்கோபைரைட் தாது சாதாரண வெப்பநிலையில் மேலே படலம் கட்டிக் கரைய மறுக்கும். 65 டிகிரிக்கு மேல் வாழும் மெட்டல்லோஸ்ஃபேரா, அசிடியானஸ் போன்ற இனங்கள் அதைச் சிறப்பாகக் கரைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அது சுரங்கமும் பொறியாளர்களும் சேர்ந்து செய்யும் வேலை. தாது கிடைக்கும் வழியே இல்லாத கல்லூரி அதை நோக்கமாக எழுதுவது விண்ணப்பத்துக்கு அழகு, ஆய்வுக்கு அல்ல.

காற்றில்லாமை: மெத்தனோகாக்கஸ் மாரிபலூடிஸ்

உப்புச் சதுப்பு நிலத்திலிருந்து வந்தது. 37 டிகிரி போதும். ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொடுத்தால் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரட்டிக்கும். கருவிகளும் தரமானவை: பியூரோமைசின் தேர்வு, குறி விடாத மரபணு நீக்கம் எல்லாம் உண்டு. 420 நானோமீட்டர் ஒளியில் வைத்தால், எஃப்420 என்ற துணைநொதியால் செல்கள் சாயமே இல்லாமல் நீலப்பச்சையாக ஒளிரும்.

செலவு எல்லாம் காற்றை விலக்குவதில்தான். ஆக்சிஜன் அறவே இல்லாத ஊடகம், பியூட்டைல் ரப்பர் மூடியும் அலுமினிய வளையமும் போட்ட கண்ணாடிக் குடுவைகள், வாயுக் குழாய் அமைப்பு, காற்றற்ற கையுறைப் பெட்டி. எண்பதுக்கு இருபது என்ற விகிதத்தில் ஹைட்ரஜன் கலவையை அழுத்தத்தில் நிரப்ப வேண்டும். ஹைட்ரஜன் சிலிண்டரைக் கட்டடத்துக்குள் வைக்க நிர்வாகம் இணங்க வேண்டும். ஃபார்மேட்டிலும் இது வளரும் என்பதால் சிலிண்டரை ஓரளவு தவிர்க்கலாம், பெட்டியைத் தவிர்க்க முடியாது. ஊடகத்தில் கலந்த ரெசாசூரின் என்ற நிறங்காட்டி இளஞ்சிவப்பானால் காற்று புகுந்துவிட்டது, அந்தக் குடுவை வீண். பச்சை ஒளிர் புரதத்தையும் நம்ப முடியாது. அதன் நிறமி உருவாகவே ஆக்சிஜன் வேண்டும்.

சாண எரிவாயுவை மேம்படுத்தப் போகிறோம் என்று சொல்லி இந்த இனத்தை எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சாணத் தொட்டியில் வரும் மீத்தேனின் பெரும்பகுதி அசிட்டேட்டிலிருந்து வருகிறது. மாரிபலூடிஸ் அசிட்டேட்டிலிருந்து மீத்தேன் உண்டாக்காது. அந்த வேலையைச் செய்பவை மெத்தனோத்ரிக்ஸும் மெத்தனோசார்சினாவும். எரிவாயுதான் நோக்கம் என்றால் தூய இனமும் மரபணுக் கருவியும் தேவையே இல்லை. தொட்டியின் பிஎச், கொழுப்பு அமில அளவு, தீவனத்தின் சீர்மை ஆகியவற்றைக் கவனிக்கும் ஆள்தான் தேவை.

மெத்தனோசார்சினாவின் வேறொரு கொடையைத் தனியே சொல்லலாம். 2002-ல் மெத்தனோசார்சினா பார்கெரியில் பைரோலைசின் என்ற 22-ஆவது அமினோ அமிலம் கண்டறியப்பட்டது. அதைப் புரதத்தில் சேர்க்கும் நொதியும் டிஆர்என்ஏவும் இன்று ஈ.கோலையிலும் மனிதச் செல்களிலும் இயற்கையில் இல்லாத அமினோ அமிலங்களைப் புகுத்தப் பயன்படுகின்றன. இதுவும் பிளாஸ்மிடாகவே கைக்கு வரும், காற்றற்ற பெட்டி வேண்டாம்.

கார்பன் டை ஆக்சைடையும் மின்சாரத்தால் பிரித்த ஹைட்ரஜனையும் மீத்தேனாக்கும் தொழில்தான் எதிர்காலம் என்று நினைத்தால், அங்கே ஓடும் குதிரை மெத்தனோதெர்மோபாக்டர். எலக்ட்ரோகேயா நிறுவனம் டென்மார்க்கின் அவெடோரேயில் அதைக் கொண்டு செய்துகாட்டியது. 60 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பமும் வாயுவும் இரண்டும் சேர்ந்த செலவு. சிறிய ஆய்வகத்தின் கணக்கில் அடங்காது.

கொதிநீர்: வளர்க்காதீர்கள், வாங்குங்கள்

ஜப்பானின் கோடகரா தீவில் கிடைத்த தெர்மோகாக்கஸ் கோடகரென்சிஸுக்கு 85 டிகிரி வேண்டும், ஆக்சிஜன் கூடாது, கந்தகம் கொடுத்தால் அழுகிய முட்டை நாற்றத்தோடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும். கியோட்டோவில் இமனாகா குழு இதற்கு அருமையான மரபணு முறைகளை உருவாக்கியிருக்கிறது. அங்கே அது பொருத்தம்.

வெப்பம் விரும்பிகளின் நொதிகள் நமக்கு வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உப்பு விரும்பிக்கு நேர்மாறாக, இவற்றின் புரதங்கள் பெரும்பாலும் ஈ.கோலையில் நன்றாகவே மடிகின்றன. அதோடு, சாற்றை 75 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈ.கோலையின் சொந்தப் புரதங்கள் திரண்டு வீழும், நமக்கு வேண்டியது கரைசலில் நிற்கும். பாதிச் சுத்திகரிப்பு ஒரு தண்ணீர்த் தொட்டியிலேயே முடிந்துவிடும். பிறகு 85 டிகிரிக் காற்றற்ற வளர்ப்பு எதற்கு?

கடையில் வாங்கும்போதும் தேர்வு உண்டு, பிசிஆர் செய்பவர்கள் இதில் அடிக்கடி தடுமாறுகிறார்கள். பிசிஆரில் டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியான டாக் பாலிமரேஸ் வந்தது ஒரு பாக்டீரியாவிடமிருந்து. மலிவு, வேகம், பிழை திருத்தும் திறன் கிடையாது. பேண்ட் தெரிகிறதா என்று பார்க்க அது போதும். இத்தாலியின் வுல்கானோ தீவில் கிடைத்த பைரோகாக்கஸ் ஃபியூரியோசஸ் தந்த பிஎஃப்யு, தவறாகச் சேர்த்த எழுத்தைப் பின்வாங்கி நீக்கும்; பிழை பல மடங்கு குறையும், ஆனால் மெதுவானது. அதே பிழைதிருத்தத்தை மிகுந்த வேகத்தோடு தருவது கோடகரென்சிஸின் கேஓடி. ஃப்யூஷன் என்று விற்கப்படுவது பைரோகாக்கஸ் வகைப் பாலிமரேஸோடு சல்ஃபோலோபஸ் குடும்பத்தின் டிஎன்ஏ பற்றும் புரதம் ஒன்றை ஒட்டியது. குளோனிங்குக்கும் மரபணு மாற்றத்துக்கும் பின்னிரண்டில் ஒன்றை வாங்குங்கள். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இந்த வகை ஆர்க்கியா பாலிமரேஸ்கள் வார்ப்பு டிஎன்ஏவில் யுராசிலைக் கண்டால் நின்றுவிடும். மாசைத் தடுக்க யுராசில் கொண்ட டியுடிபி சேர்க்கும் பழக்கமுள்ள ஆய்வகத்தில், அதைத் தாங்கும்படி திருத்தப்பட்ட வகை அல்லாமல் மற்றவை வேலை செய்யாது. டாக் விடும் ஒற்றை ஏ முனையும் இவற்றில் வராது, அந்த முனையை நம்பும் டிஏ குளோனிங் திட்டமிருந்தால் முன்கூட்டியே யோசிக்க வேண்டும்.

ஆஸ்கார்ட் ஆர்க்கியாவைப் பற்றியும் யாராவது கேட்பார்கள். நம் செல்களின் மூதாதைக்கு மிக நெருக்கமான அந்தக் குழுவின் முதல் வளர்ப்பை, ஜப்பானியக் குழுவொன்று ஆழ்கடல் சேற்றிலிருந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துப் பெற்று 2020-ல் வெளியிட்டது. இரட்டிக்க இரண்டு வாரத்துக்கும் மேலாகும். ஐந்தாண்டு முனைவர் திட்டத்தில் அதற்கு இடமில்லை.

வோல்கானியை வரவழைப்பவர்களுக்கு

தொடங்க எச்26 இனம் ஒன்றும், புரத உற்பத்திக்கு எச்1209 ஒன்றும் போதும். எச்1209-ல் ஜிஏடிசி வெட்டும் நொதி நீக்கப்பட்டிருப்பதால் டாம் குறைபாட்டு ஈ.கோலையின் தொல்லை அதில் இல்லை. மரபணு மாற்ற வேலைக்கு முன் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள். தீங்கற்ற உயிரி என்பதால் காகிதம் தேவையில்லை என்று ஆகாது.

பெப்டோனில் சிக்கனம் பார்க்காதீர்கள். சில பெப்டோன்களில் பித்த அமிலங்கள் எஞ்சியிருக்கும், அவை உப்பு விரும்பிச் செல்களைக் கரைத்துவிடும். செய்முறையில் குறிப்பிட்ட தயாரிப்பையே வாங்குங்கள். எல்லாம் சரியாகச் செய்தும் வளரவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது அந்த டப்பாவை. தட்டுகளை 45 டிகிரியில் திறந்து வைத்தால் இரண்டு நாளில் உப்புப் படிகம் பூக்கும், எனவே பாலித்தீன் பையில் கட்டி வையுங்கள். கூட்டங்கள் கண்ணுக்குத் தெரிய நான்கைந்து நாள் ஆகும், மாற்றம் செய்த தட்டுகளுக்கு அதைவிடக் கூடுதல். கால்சியம் குளோரைடை ஆட்டோகிளேவுக்குப் பிறகே சேருங்கள், இல்லையேல் ஊடகம் கலங்கிப் படியும். உறைநிலைச் சேமிப்புக்கான கிளிசராலையும் உப்புநீரில்தான் கரைக்க வேண்டும்.